‘த கோர்ட் ஜெஸ்டர்’: அந்த வெற்றி ஹாக்கின்ஸுடையதுதானா?

‘த கோர்ட் ஜெஸ்டர்’ படத்தைத் தன் பத்து வயது மகனோடு பார்த்த ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார்: “கதாநாயகன் படம் முழுக்கப் பயந்து நடுங்குகிறான். சூனியக்காரி வசியம் செய்துவிட்டால் ஒரு சொடக்கில் மாவீரனாகிவிடுகிறான். இது ஏமாற்று வேலை என்கிறான் என் மகன். அந்த வாள்சண்டையை டேனி கே தானே போட்டாரா என்பதும் அவனுக்குத் தெரிய வேண்டுமாம்.” இவை இரண்டு கேள்விகள் போலத் தெரிந்தாலும் பையன் கேட்பது ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன். அங்கே ஜெயித்தது யார்? திரைக்கு வெளியே ஜெயித்தது நாயகன் ஹாக்கின்ஸாக நடித்த டேனி கேயா, வேறொருவரா? கதைக்குள்ளே ஜெயித்தது ஹாக்கின்ஸா, மந்திரமா? 20 ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு வாள்வீச்சு கற்றுக்கொடுப்பவன் நான். சில பள்ளி நாடகங்களுக்கு மேடைச் சண்டையும் அமைத்துக் கொடுத்திருக்கிறேன். சினிமா வரலாற்றில் நான் ஆய்வாளன் அல்ல. வாள் பிடித்த கையையும் அதன் கீழே நிற்கும் காலையும் பார்த்துச் சொல்லத் தெரியும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. பாரமவுண்ட் நிறுவனம் 1956 தொடக்கத்தில் வெளியிட்ட வண்ணப்படம் இது. நார்மன் பனாமா, மெல்வின் ஃபிராங்க் என்ற இருவர் சேர்ந்து எழுதி, தயாரித்து, இயக்கினார்கள். இடைக்கால இங்கிலாந்து. அரச குடும்பத்தைக் கொன்று அரியணையில் ஏறியவன் ரோடரிக். தப்பிப் பிழைத்த ஒரே வாரிசு ஒரு கைக்குழந்தை. அதன் பிட்டத்தில் இருக்கும் ஊதா நிறப் பூ மச்சம்தான் அடையாளம். காட்டில் மறைந்திருக்கும் ‘கருப்பு நரி’ என்ற புரட்சித் தலைவனின் கூட்டம் குழந்தையைக் காக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஹூபர்ட் ஹாக்கின்ஸ் ஒரு வேடிக்கைக்காரன். சண்டைக்குப் போக ஆசைப்படுகிறவனுக்குக் கிடைத்த வேலை குழந்தையைப் பார்த்துக்கொள்வது. பிறகு அரண்மனைக்குப் புதிதாக வரும் விதூஷகனின் இடத்தில், அவன் பெயரிலேயே, இவன் உள்ளே நுழைகிறான். அந்த விதூஷகன் ஒரு கூலிக் கொலைகாரனும்கூட என்பது இவனுக்குத் தெரியாது. இளவரசியின் பணிப்பெண்ணான கிரிஸல்டா என்ற சூனியக்காரி இவனை வசியப்படுத்துகிறாள். அப்புறம் யார் சொடக்குப் போட்டாலும் இவன் வீரக் காதலன். மறுபடி ஒரு சொடக்கு, பழைய ஹாக்கின்ஸ்.

முதலில் திரைக்கு வெளியே நடந்த விஷயம். வில்லன் ரேவன்ஹர்ஸ்டாக நடித்தவர் பேசில் ராத்போன். ஹாலிவுட் நடிகர்களில் முறையாக வாள்வீச்சு கற்றுத் தேர்ந்தவர்களில் அவர் முக்கியமானவர். 1935-இல் ‘கேப்டன் பிளட்’, 1938-இல் ராபின் ஹுட் கதை, இரண்டிலும் எரால் ஃபிளினோடு மோதினார். 1940-இல் ‘த மார்க் ஆஃப் ஸோரோ’வில் டைரோன் பவரோடு மோதினார். திரையில் தோற்றுப்போவதே அவருடைய வேலை. நிஜத்தில் எதிரே நின்ற நாயகர்களைவிட அவருக்கே வாள் நன்றாகத் தெரியும். இந்தப் படத்தின்போது அவர் அறுபதைத் தாண்டியிருந்தார். டேனி கே நாற்பதுகளில் இருந்தார், வாளுக்குப் புதியவர். ராத்போன் பின்னாளில் எழுதிய தன்வரலாற்றில், ஓரிரு வாரப் பயிற்சியிலேயே கே தன்னை மிஞ்சிவிட்டதாகவும், எதையும் அவருக்கு இரண்டாம் முறை காட்ட வேண்டியிருக்கவில்லை என்றும் மனம் திறந்து பாராட்டியிருக்கிறார்.

பாராட்டு என்பதால் இதில் பெருந்தன்மை கலந்திருக்கலாம். ஆனால் திரையில் தெரிவது அந்தச் சொல்லோடு ஒத்துப்போகிறது. நடிகர் முகத்தோடு வாளும் ஒரே சட்டகத்தில் வரும் நீண்ட துண்டுகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். கேயின் கை வேலை அவருடையதுதான்; அதில் எனக்கு ஐயம் இல்லை. வேகமான சில துண்டுகளில் ராத்போனுக்குப் பதிலாகச் சண்டை அமைப்பாளர் ரால்ஃப் ஃபால்க்னர் வாள் வீசினார் என்று பலரும் சொல்வதுண்டு. ஃபால்க்னர் அமெரிக்க அணிக்காக ஒலிம்பிக்கில் வாள்வீசியவர். அந்தப் பேச்சு நம்பத்தக்கதுதான். ஆனால் முதுகு மட்டும் தெரியும் ஒரு துண்டைக் காட்டி ‘இது இன்னார்’ என்று அறுதியிட்டுச் சொல்வது சரியாக இருக்காது. பையனுக்கு இப்படிச் சொல்லுங்கள்: ஒருவேளை மாற்று ஆள் தேவைப்பட்டிருந்தால் அது வாள் தெரிந்த முதியவருக்குத்தான், வாள் தெரியாமல் வந்த கோமாளிக்கு அல்ல.

இனி என் தொழிலுக்கு நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். அந்தச் சண்டையில் கடினமான பகுதி எது என்று கேட்டால், பெரும்பாலானோர் அவர் வேகமாக வீசும் இடத்தைக் காட்டுவார்கள். என் கணக்கில் அது கடினமே அல்ல. மேடைச் சண்டை நடனம் போன்றது. சேபர் என்ற வெட்டு வாளில் தடுப்புகளுக்கு எண்கள் உண்டு. வெளிப்பக்கத்துக்கு மூன்று, மார்புப் பக்கத்துக்கு நான்கு, தலைக்கு ஐந்து. ‘நான்கு, மூன்று, ஐந்து, பின்வாங்கு’ என்று வரிசை கட்டிக்கொண்டு, தாளத்தில் உட்காரும்வரை ஒத்திகை பார்க்க வேண்டியதுதான். மேடையில் ஆடிப் பழகியவர், அசுர வேகத்தில் சொற்களை உதிர்க்கும் பாட்டுகளுக்குப் பெயர்பெற்றவர், அதைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

கடினமானது, வாள் தெரிந்த பிறகு தெரியாதவனாக நிற்பது. பள்ளி நாடகம் ஒன்றில் கோழைப் படைவீரன் வேடத்துக்கு என் மாணவர்களில் மிகத் திறமையான பையனைத் தேர்ந்தெடுத்தேன். அவனால் முடியவில்லை. கையை நடுக்கினான், முகத்தைக் கோணினான், வாளைத் தவறவிட்டான். கால்கள் மட்டும் வாள்வீச்சுக்காரனின் கால்களாகவே நின்றன. முன் முழங்கால் மடிந்து, எடை நடுவில். பயம் முகத்தில் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம்; அது பாதத்தில்தான் இருக்கிறது. முதல் நாள் முகக்கவசம் அணிந்து வரும் குழந்தையைப் பாருங்கள். எடை முழுவதும் பின்காலில் இருக்கும். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும். கண் எதிராளியைப் பார்க்காது, வாளின் நுனியையே பார்க்கும். நுனி அருகே வந்ததும் மூடிக்கொள்ளும். ஒரு சிறுமி இரண்டு மாதம்வரை ஒவ்வொரு தாக்குதலுக்கும் கண்ணை மூடினாள். அவளுடைய கை அசைவில் குறையே இல்லை. ஒருநாள் கண் மூடாமல் ஒரு தடுப்பு தடுத்தாள். அன்று அவள் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. ஒன்றை விட்டுவிட்டாள்.

டேனி கே அந்தச் சண்டையில் இதைத்தான் செய்துகாட்டுகிறார். சொடக்கு விழுந்ததும் எடை முன்காலுக்கு வருகிறது, தோள் இறங்குகிறது, வாள் கைக்கு முன்னே போகிறது, பார்வை ராத்போனின் முகத்துக்கு ஏறுகிறது. அடுத்த சொடக்கில் அத்தனையும் அதே வரிசையில் பின்னே சரிகின்றன. வெட்டு இல்லை, ஒப்பனை மாற்றம் இல்லை. ஒரே மூச்சில் இரண்டு மனிதர்கள். மெழுகுவத்திகளை அவர் வெட்டும் இடம் இன்னொரு விதத்தில் எனக்குப் பிடிக்கும். வாள் வீசிய பிறகும் திரிகள் அசையாமல் நிற்கின்றன. ஊதியதும் தலைகள் சாய்கின்றன. 1940-இல் வந்த ஸோரோ படத்தில் இதே மெழுகுவத்தி விளையாட்டை ராத்போனும் பவரும் ஆடியிருந்தார்கள். அதே மனிதரின் முன்னால் அதையே ஒரு கோமாளி மறுபடி ஆடிக்காட்டுகிறான். தன் புகழை இப்படிக் கடன் கொடுத்து உடன் நின்றதற்காகவே ராத்போன்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து இங்கிலாந்தில் யாரும் இப்படி வாள்வீசவில்லை. அது நம் காலத்து சேபர் வீச்சு, ஹாலிவுட் தனக்கென்று ஆக்கிக்கொண்ட வடிவம். கனமான வாளும் இரும்புக் கவசமுமாக நடந்த நிஜச் சண்டை பார்க்க வேறு மாதிரி இருந்திருக்கும்.

அப்படியானால் வசியம் ஏமாற்று வேலையா? சூனியம் செய்து வாள்வித்தையைப் புகட்ட முடியாது என்பது பையனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைக் கதையின் சலுகை என்று விட்டுவிடலாம். ஆனால் படம் அந்தச் சொடக்கை எப்படிப் பயன்படுத்துகிறது என்று பாருங்கள். மந்திரம் ஒரு முறை வேலை செய்து அவனை நிரந்தர வீரனாக்கியிருந்தால் பையன் சொல்வது சரி. இங்கே அது நம்ப முடியாத துணையாக இருக்கிறது. பேச்சுவாக்கில் யாராவது விரலைச் சொடுக்கினால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தவன் அந்த நொடியே வெலவெலத்துப் போகிறான். வீரம் வந்து வந்து போகிறது. பயிற்சிக்கூடத்தில் நான் தினம் பார்ப்பதும் அதைத்தான். நேற்று அச்சமின்றி ஆடிய பிள்ளை இன்று முதல் புள்ளியை இழந்ததும் பின்காலுக்குப் போய்விடும்.

இன்னொன்றையும் பையன் கவனித்திருக்கமாட்டான். படத்தின் மிகப் பெரிய ஆபத்தில் ஹாக்கின்ஸுக்கு வசியமே கிடையாது. மலைபோன்ற கிரிஸ்வோல்ட் பிரபுவோடு அவன் மோத வேண்டும். அதற்கு அவன் முதலில் வீரப் பட்டம் பெற்றவனாக இருக்க வேண்டும் என்பதால், ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டிய சோதனைகளை அரசன் அவசர அவசரமாக நடத்தி முடிக்கச் சொல்கிறான். அந்தப் பட்டமளிப்பு ஊர்வலம் முழுப் படத்திலும் எனக்கு மிகப் பிடித்த காட்சி. மிஷிகன் மாநிலத்தின் ஜாக்சன் நகரத்திலிருந்து வந்த அணிவகுப்புக் குழு ஒன்று படைவீரர்களாக நடக்கிறது. இம்மி பிசகாத அந்த நடையின் நடுவே, கால் தரையில் படாமல் இழுத்துச் செல்லப்படுகிறான் ஹாக்கின்ஸ். முப்பது பேர் ஒரே தாளத்தில் நடந்தால்தான் ஒருவனின் தாளம் தப்புவது தெரியும். நகைச்சுவைக்கு எவ்வளவு ஒழுக்கம் தேவை என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் கண்டதில்லை.

அடுத்து வருவது எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் நஞ்சுக் கிண்ணக் காட்சி. சண்டைக்கு முன் இருவரும் மது அருந்த வேண்டும். ஒன்றில் கிரிஸல்டா நஞ்சு உருண்டையைப் போட்டிருக்கிறாள். எது எந்தப் பாத்திரத்தில் என்பதை அவள் எதுகை மோனையாகச் சொல்லித் தருகிறாள். பெஸ்டில், வெஸல், சாலிஸ், பேலஸ் என்று ஒன்றோடொன்று உரசும் சொற்கள். அவன் தட்டுத் தடுமாறி மனப்பாடம் செய்து முடிக்கும்போது, ஒரு பாத்திரம் உடைந்துவிட்டது, இப்போது டிராகன் உருவம் போட்ட வேறு பாத்திரம் என்கிறாள். தமிழில் இதற்கு ஈடு தேடினால் ‘யார் தைத்த சட்டை, தாத்தா தைத்த சட்டை’ போல, வாய் வேகமெடுக்கும்போது நாக்கு தானாக இடறும் வரிகள்தான் கிட்டே வரும். ஆனால் அந்தக் காட்சியின் அழகு நாக்குப் பிறழ்வில் மட்டும் இல்லை. விஷயம் கிரிஸ்வோல்டின் காதுக்கும் போய்விடுகிறது. அந்த மலைமனிதனும் உதட்டை அசைத்து அசைத்து மனப்பாடம் செய்துகொண்டே வருகிறான். பயந்தவனையும் பயமுறுத்துகிறவனையும் ஒரே வாய்ப்பாட்டைத் தப்புத் தப்பாக ஒப்பிக்க வைத்துவிட்டார்கள். அந்த நிமிடத்தில் அங்கே வீரனும் இல்லை, கோழையும் இல்லை. சாக விரும்பாத இரண்டு பேர் இருக்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு அந்த மது குடிக்கப்படுவதே இல்லை.

மின்னல் தாக்கிக் காந்தமாகிப்போன கவசமும் தற்செயலும் சேர்ந்து அந்த மோதலில் ஹாக்கின்ஸைக் காப்பாற்றுகின்றன. இதையும் ஏமாற்று என்று பையன் சொல்லலாம். ஆனால் கீழே விழுந்து கிடக்கும் கிரிஸ்வோல்டை ஹாக்கின்ஸ் கொல்லாமல் விடுகிறான். அங்கே மந்திரம் இல்லை, காந்தம் இல்லை; அது அவன் முடிவு. பயம் என்றால் என்னவென்று உள்ளும் புறமும் அறிந்த ஒருவன், கீழே கிடப்பவனின் பயத்தைப் பார்க்கிறான் என்று அந்தக் காட்சியை நான் படிக்கிறேன். இயக்குநர்கள் அப்படி நினைத்தார்களா என்பது வேறு விஷயம்; இது என் வாசிப்பு.

கோழை நாயகர்கள் எல்லோரும் ஒரே வகை அல்லர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இதே பனாமா, ஃபிராங்க் இருவரும் 1946-இல் நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்புக்காக ‘மான்சியர் பொகேர்’ படத்தின் திரைக்கதையை எழுதியவர்கள். அதற்கு இரண்டாண்டு முன்பு வந்த ‘த பிரின்சஸ் அண்ட் த பைரேட்’ படத்தில் ஹோப் ஒரு நாடோடி நடிகனாக வந்து கடற்கொள்ளையர்களிடம் மாட்டிக்கொள்வார். ஹோப்பின் கோழை தன் கோழைத்தனத்தோடு சமாதானமாக வாழ்பவன். நம்மைப் பார்த்துப் பேசுவான், ஆபத்தின் வாயிலில் நின்று வாய் அடிப்பான், வழி கிடைத்தால் ஓடுவான். அந்தப் படத்தின் முடிவில் இளவரசிகூட அவனுக்குக் கிடைப்பதில்லை. கடைசி நிமிடத்தில் பாடகர் பிங் கிராஸ்பி வந்து நின்று அவளை அணைத்துக்கொள்வார். அந்த வகைச் சிரிப்புக்கும் ஒரு நேர்மை உண்டு. ஹாக்கின்ஸ் அப்படிப்பட்டவன் அல்லன். அவனுக்கு வீரனாக வேண்டும் என்ற ஆசை உடம்பெல்லாம் ஊறியிருக்கிறது. படத்தில் அவனை நாம் முதலில் பார்ப்பதே கருப்பு நரியின் உடையை எடுத்து மாட்டிக்கொண்டு ஆடிப்பாடும்போதுதான். நிஜமான கருப்பு நரி வந்ததும் பிடிபடுகிறான். அவன் தலைமேல் ஒரு பெண் தளபதியும் இருக்கிறாள். க்ளினிஸ் ஜான்ஸ் நடித்த ஜீன் அவனைவிடச் சண்டை தெரிந்தவள், அவனைவிடத் துணிந்தவள். தாலாட்டுப் பாடுவது அவன் வேலை. 1956-இல் இதைக் கேலியாக அல்லாமல் கனிவாக எடுத்திருக்கிறார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு வியப்புதான்.

நம் காதில் உடனே ஒலிக்கும் பெயர் உத்தரகுமாரன். அந்தப்புரத்தில் வீரம் பேசிவிட்டு, கௌரவர் படையைக் கண்டதும் தேரிலிருந்து குதித்து ஓடியவன். பிருகன்னளையாக இருந்த அர்ச்சுனன் துரத்திப் பிடித்து வந்து, தேரை ஓட்டச் சொல்லிவிட்டுத் தானே போரிட்டு வென்றான். அங்கே கோழை ஒருவன், வென்றவன் இன்னொருவன். பையன் ‘ஏமாற்று’ என்று சொல்வது அந்தக் கதைக்குக்கூடப் பொருந்தாது. ஏனென்றால் உத்தரன் அரண்மனைக்குத் திரும்பியதும் வெற்றி தன்னுடையது அல்ல என்று தந்தையிடம் ஒப்புக்கொள்கிறான். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவனை எனக்குப் பிடிக்கும். ஹாக்கின்ஸின் கதையில் உத்தரனும் அர்ச்சுனனும் ஒரே உடம்புக்குள் அடைபட்டிருக்கிறார்கள். தேரோட்டியும் இல்லை, தேரும் இல்லை.

படத்தின் பொருளாதாரம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ‘இவ்வளவு நல்ல படம் ஓடியதா’ என்றும் கேள்வியின் ஓரத்தில் எழுதியிருக்கிறார். சுமார் 40 லட்சம் டாலர் செலவில், அதுவரை எடுக்கப்பட்ட நகைச்சுவைப் படங்களிலேயே விலை கூடியதாக இது உருவானது. முதல் வெளியீட்டில் விநியோக வருவாய் ஏறக்குறைய 22 லட்சம் டாலர் என்று குறிப்பிடப்படுகிறது. நஷ்டம் என்பது உறுதி. ரசிகர்களுக்கு வாள்வீச்சுப் படங்கள் அலுத்திருந்தன என்பது போன்ற விளக்கங்கள் எல்லாம் ஊகங்களே. பின்னால் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப வந்து, பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து பார்க்கும் படமாக நிலைபெற்றது. 2004-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்க வேண்டிய படமாகச் சேர்க்கப்பட்டது. பாட்டுகளை டேனி கேயின் மனைவி சில்வியா ஃபைன், சாமி கானோடு சேர்ந்து எழுதினார். கேயின் நாக்கு எங்கே வேகமெடுக்கும், எங்கே மூச்சு வாங்கும் என்று அறிந்த கை அது, கேட்டாலே தெரியும்.

இப்போது பையனின் கேள்விக்கு நேராக வருகிறேன். சண்டையின் முடிவில் ரேவன்ஹர்ஸ்டைக் கவண்பொறி கடலுக்குள் வீசிவிடுகிறது. அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. கிரிஸ்வோல்ட் தன் ஆட்களோடு திரும்பி வந்து நிற்கிறான். இன்னொரு சுற்றுச் சண்டைக்கு எல்லாம் தயார். அப்போது ஹாக்கின்ஸ் வாளை எடுக்கவில்லை. குழந்தையை எடுக்கிறான். துணியை விலக்கி அந்த ஊதா மச்சத்தைக் காட்டுகிறான். அவன் கொல்லாமல் விட்ட கிரிஸ்வோல்ட் உட்பட அத்தனை பேரும் தலைவணங்குகிறார்கள். வீரர்கள் எல்லோரும் காட்டில் வாளோடு திரிந்தபோது, அந்த மச்சம் இருக்கும் இடத்தைத் தினம் துடைத்துச் சுத்தம் செய்து, ஆட்டித் தூங்கவைத்தவன் அவன் ஒருவன்தான். உங்கள் மகன் ஏமாற்று என்று சொல்லும் அந்தச் சொடக்கு வில்லனோடு மல்லுக்கட்ட உதவியது, அவ்வளவுதான். போரை நிறுத்தியது, ஹாக்கின்ஸுக்கு முதல் நாளிலிருந்து சொடக்கில்லாமலேயே தெரிந்திருந்த வேலை.

அடுத்த முறை பார்க்கும்போது கடைசிச் சண்டையில் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள். டேனி கேயின் கால்களை மட்டும் பார்க்கட்டும். சொடக்குச் சத்தத்தை அணைத்துவிட்டாலும் எந்த நொடியில் எந்த ஹாக்கின்ஸ் நிற்கிறான் என்று அவனாலேயே சொல்லிவிட முடியும்.